லென்ஸை மறைத்த கை

"இந்தப் படத்த பிள்ளைங்க பாக்கலாமா?" என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் தங்கை வீட்டுக்குப் போனால், அவள் கணவர் கேசட்டைப் போட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பார். கதாநாயகன் கதாநாயகியின் தோளைத் தொட்டால் போதும், பொத்தானை அழுத்துவார், படம் விர்ரென்று ஓடும். அதே படத்தில் ஒருவன் இன்னொருவன் வயிற்றில் ஈட்டியைச் செருகித் திருகுவான். அப்போது அவர் முறுக்கு தின்றுகொண்டிருப்பார். பிள்ளைகளும் தின்றுகொண்டிருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா, நல்ல படந்தானே?" என்பார். எனக்குத் தலைவலி என்று சொல்லி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

தலைவலி பொய். அந்தக் கேள்விக்கு ஒரு தடவை நான் பதில் சொல்லியிருக்கிறேன். சொன்ன விதம் இன்றைக்கும் என்னை விடமாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் கடைசியில் லகாட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்து நான்கு, வாய் அதைவிட நீளம். வாரத்தில் இரண்டு நாள், மற்றப் பாடங்கள் முடிந்து பாதிப் பள்ளி வீட்டுக்குப் போன பிறகு தமிழ் வகுப்பு நடக்கும். பசியோடு உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சிலர் ரப்பர்ப் பால்மரத் தோட்டங்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். சிலர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு டவுன் ஓரத்துத் தகரக் கூரை வீடுகளுக்குக் குடிவந்தவர்கள்.

பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்துக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் மண்டபம் கிடைக்கும். ஆண்டிறுதித் தேர்வு முடிந்த பிறகு வரும் சனிக்கிழமை மதியம். அன்று படம் போடுவோம். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, மேடையில் வெள்ளைத் திரையை இழுத்து, நடுவில் புரொஜெக்டரை வைத்துவிட்டால் மண்டபம் சினிமாக் கொட்டகை ஆகிவிடும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள், "டீச்சர், இந்த வருசம் என்னா படம்?" என்று.

படத்தைப் பார்த்துச் சரி சொல்ல மூன்று பேர் கொண்ட குழு இருந்தது. கழகத் தலைவரான மூத்த ஆசிரியர், பெற்றோர் சார்பில் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, அப்புறம் நான். மூத்த ஆசிரியர் நல்லவர். அதுதான் தொல்லை, கெட்டவராக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். படங்களுக்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். முத்தம், மழை, மது ஆகிய மூன்றும் இருக்கக் கூடாது. மழை என்றால் நாயகி சேலையோடு நனைகிற பாட்டு. இந்த மூன்றும் இல்லையென்றால் படம் சுத்தம், யாரும் பார்க்கலாம். எத்தனை தலை உருண்டாலும் அது அவர் கண்ணில் படாது.

கிராணிக்கு வேறு கணக்கு. சண்டை இருக்க வேண்டும், படம் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிராணி என்றால் தோட்டத்து அலுவலகத்தில் உட்கார்ந்து பெயர் பதிகிறவர். தொழிலாளிகள் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள். என் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். இந்தக் கிராணி எங்கள் தோட்டத்துக்காரர் இல்லை, என்னை அதட்டியவரும் இல்லை. ஆனாலும் அவர் அறைக்குள் வந்தால் என் கால்கள் தாமாக எழுந்து நின்றுவிடும். நின்ற பிறகுதான் நான் ஆசிரியை என்பது ஞாபகம் வரும். அந்தக் கால்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

அந்த வருடம் ஈப்போவில் படச்சுருள் வாடகைக்கு விடுபவரிடமிருந்து கிடைத்தது ராஜா காலத்துப் படம் ஒன்று. கோட்டைத் தலைவனை மந்திரியின் ஆட்கள் வஞ்சகமாக வெட்டிக் கொல்கிறார்கள். உள்ளே ஒளிந்திருந்த அவன் பிள்ளை வளர்ந்து பழி வாங்குகிறது. மூத்த ஆசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சரித்திரப் படம் டீச்சர்! வசனமெல்லாம் செந்தமிழ். பாடமே நடத்தலாம்" என்றார்.

கதையைக் கேட்டதும் இந்தப் படம் வேண்டாம் என்று நினைத்தேன். காரணம், மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பதினைந்து வயதுப் பெண்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு 'என்னால் மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். கட்டுரையில் முக்கால்வாசிப் பேர் கேமரன் மலைக்குச் சுற்றுலா போனார்கள். பேராக் மாநில எல்லையையே தாண்டாத பிள்ளைகள்கூட அங்கே போய்க் குளிரில் நடுங்கிவிட்டு வந்தார்கள். இந்தப் பெண் மட்டும் ஒன்றரைப் பக்கம் வேறு எழுதியிருந்தாள். அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, தோட்டத்தில் அவர்கள் லயத்து வீட்டு வாசலில், ஏதோ பழைய தகராறுக்காக அவள் அப்பாவைப் பாராங் கத்தியால் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அப்போது அவள் வீட்டில் இருந்தாள். கேமரன் மலைகளுக்கு நடுவே இது வந்தது. கேமரன் மலையைத் திருத்திய அதே வேகத்தில் இதையும் திருத்தி, சிவப்பு மையில் ஓரத்தில் குறிப்பெழுதி, பத்துக்கு ஆறு போட்டு மூடிவைத்தேன். அடுத்த நோட்டைத் திறந்த பிறகுதான் நான் எதைப் படித்தேன் என்பதே உறைத்தது. அன்று அதற்குமேல் ஒரு நோட்டும் திருத்தவில்லை.

மறுநாள் அவளே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்தப் பக்கத்த கிழிச்சிருங்க. யாருக்கிட்டயும் சொல்லாதீங்க. இங்க யாருக்கும் தெரியாது."

அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றுதான் தோழிகளிடம் சொல்லிவைத்திருந்தாள். அவள் அம்மா இன்னும் அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். இவளை மட்டும் லகாட்டில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அவள் கண்ணெதிரிலேயே பக்கத்தைக் கிழித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆனால் கிழித்ததை எறிய மனம் வரவில்லை. திரும்பப் படிக்கவும் துணிச்சல் வரவில்லை. நான்காக மடித்து என் பாடத்திட்டப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு காட்சி வந்து உட்கார்ந்துகொண்டது. வாசற்படியில் ஒரு சின்னப் பெண் கண்ணை அகல விரித்து நின்று பார்க்கிறாள், அவள் எதிரே அப்பா விழுகிறார். அவள் வகுப்பில் சிரித்தால்கூட எனக்கு அதுதான் தெரியும். இப்போது அந்தப் பெண்ணை மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரு தகப்பனை வெட்டுவதைப் பத்தடி உயரத்துக்குக் காட்டப்போகிறார்கள். நான் அதைத் தடுக்க வேண்டும், காரணத்தையும் சொல்லக் கூடாது. கிராணியிடம் ஒரு செய்தி போனால் அடுத்த நாள் அது லகாட் கடைத்தெருவில் இருக்கும்.

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் அறிவியல் கூடத்தில் படத்தைப் போட்டுப் பார்த்தோம். புரொஜெக்டர் ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சரியாகச் சொன்னால் அவர் கையைத் தெரியும். மாதம் ஒரு தடவை வேனில் திரையும் மிஷினும் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர் அவர்தான். திடலில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருப்போம். படத்தில் நாயகனும் நாயகியும் நெருங்கினால், அவர் உள்ளங்கை லென்ஸுக்கு முன்னால் வந்துவிடும். திரை இருண்டுபோகும், விரல் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு தெரியும். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இளவட்டங்கள் விசிலடிக்கும், பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். ஆபத்து தாண்டியதும் கை விலகும். தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த தணிக்கை அதுதான். அந்தக் கை மறைத்தது எதுவும் எங்களை வந்து தொடாது என்று நம்பி வளர்ந்தவள் நான்.

அறிவியல் கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். விழுகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு போட்டேன். படம் முடிந்து விளக்கு போட்டதும் கூட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"அம்பத்து மூணு பேரு சார்."

"போர்ல செத்தவங்கள சேக்கக் கூடாது டீச்சர். அது சரித்திரம்" என்றார் மூத்த ஆசிரியர்.

"அவங்கள தள்ளுனாலும் பத்தொம்பது."

"அந்தப் பத்தொம்பதுல கெட்டவன் எத்தன பேரு?" என்று கிராணி கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். கெட்டவன் செத்தால் அவர் கணக்கில் அது சாவே இல்லை.

மூத்த ஆசிரியருக்கு இதிலெல்லாம் மனம் இல்லை. அவருடைய கவலை அருவி. படத்தில் நாயகி தோழிகளோடு அருவியில் குளிக்கிற பாட்டு ஒன்று இருந்தது. அருவி மழையில் சேருமா சேராதா என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். மழை மேலிருந்து விழுகிறது, அருவியும் மேலிருந்துதான் விழுகிறது என்றார் மூத்த ஆசிரியர். மழையில் நனைவது வேண்டுமென்று, அருவியில் குளிப்பது அவசியத்துக்கு என்றார் கிராணி. கால் மணி நேரம் போனது. ஐம்பத்து மூன்று பிணங்களை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த நோட்டைத் தூக்கி இரண்டு பேர் மேலும் எறியலாம் போல இருந்தது.

"சார், அந்தக் கோட்டத் தலைவன வெட்டற எடம் ரொம்ப கொடூரம். பிள்ளைங்க பாக்க வேணாம். வேற படம் எடுக்கலாம்" என்றேன்.

"தணிக்கைக்காரனே பாத்து விட்டுட்டான், நமக்கு என்னா லா?" என்றார் கிராணி. "நம்ம பயலுங்க முனியாண்டி கோயில்ல ஆடு வெட்டறத முன்னாடி நின்னு பாக்கறானுங்க. பாத்துட்டு அந்தக் கறியவே சாப்புடறானுங்க. இந்தச் சாயத்துக்கா பயப்படப் போறானுங்க?"

"ஆடு வேற ஐயா. இங்க ஒரு புள்ளைக்கு முன்னாடி அப்பன வெட்டறாங்க."

"கதைதானே டீச்சரம்மா."

"யாருக்காவது அப்படி நடந்திருந்தா?"

வாய் நீளம் என்று சொன்னேனே, இதுதான். கிராணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்கு?" என்றார். அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

"யாருக்கும் இல்ல ஐயா. சும்மா சொன்னேன்."

"டீச்சருக்கு ரொம்ப எளகுன மனசு" என்று சிரித்தார் அவர். "இதையெல்லாம் யோசிச்சிக்கிட்டு இருந்தா தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் போகணும்." பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊரைச் சொல்லி எல்லாரும் செய்கிற பழைய கேலிதான். மூத்த ஆசிரியரும் சிரித்தார். பிறகு தன்மையாகச் சொன்னார், "வேற படம் எடுக்க நாளு இல்ல டீச்சர். படமே இல்லன்னா பயலுங்க ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போயி கண்டதையும் பாப்பானுங்க. அதுக்கு இது தேவல இல்லையா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அவர் அந்த நிமிடமே படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார். என்னை நம்பிய பிள்ளையைக் காப்பாற்ற அவள் நம்பிக்கையையே உடைக்க வேண்டும் என்றால் என்னதான் செய்வது?

அதுவரை மூலையில் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் வாயைத் திறந்தார்.

"இதுக்கு ஏன் மண்டைய ஒடச்சி சுசா படறீங்க? எந்த எடம்னு சொல்லுங்க, கைய வெச்சிடறேன். அருவிக்கு ஒண்ணு, வெட்டுக்கு ஒண்ணு. முடிஞ்சிச்சி."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. என் சின்ன வயதில் கண்ட அதே கை என்னைத் தூக்கிவிட வந்ததுபோல் இருந்தது. மூத்த ஆசிரியரும் சம்மதித்தார். வெட்டுக்குக் கை வைப்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். இருந்தாலும் தமக்கு அருவி, எனக்கு வெட்டு என்று ஒத்துக்கொண்டார்.

ஆப்பரேட்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "சத்தத்தையும் கொறைச்சிரவா டீச்சர்?"

இதை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே சொன்னேன். அந்த இடத்தில் கோட்டைத் தலைவன் சாகும்போது கதவுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைக்கு நீளமாக ஒரு வசனம் பேசுவான். நல்ல தமிழ், ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக இருக்கும். வருடம் முழுக்க நான் கத்தியும் பிள்ளைகள் காதில் ஏறாத தமிழ்.

"சத்தம் இருக்கட்டும்ணே. வசனம் நல்லா இருக்கு. பிள்ளைங்க கேக்கட்டும்."

அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கிராணி முன்னால் உட்கார்ந்தபடியே பேசி ஜெயித்துவிட்டேன் என்று.

இருந்தாலும் மனம் கேட்காமல் மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். நாளைக்குப் படத்துக்கு வர வேண்டாம், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடு என்றேன். கதை என்ன என்பதையும் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"எல்லாரும் வாராங்க டீச்சர். நா மட்டும் வரலன்னா ஏன்னு கேப்பாளுங்க. எனக்கும் பாக்கணும்."

"பயமா இருக்காதா?"

"படந்தானே" என்றாள்.

அந்தக் காட்சியை மறைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஏதோ பரிசை ஒளித்துவைத்திருப்பவள் மாதிரி எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே கறுப்புத் துணி கட்டிய இருட்டு, நூற்றைம்பது பிள்ளைகளின் வியர்வை. அவள் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில், தோழிகளோடு கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கச் சுவரோரம் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர் வந்தது, ஆட்கள் சரமாரியாக விழுந்தார்கள், அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். அருவி வந்தது, கை வந்தது. மண்டபமே விசிலடித்தது. பின்வரிசையில் மூத்த ஆசிரியர் திருப்தியாகத் தலையாட்டியது எனக்குத் தெரிந்தது.

பிறகு என்னுடைய இடம் வந்தது. தீப்பந்தங்களோடு ஆட்கள் கோட்டைக்குள் நுழைந்தார்கள். பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான் தலைவன். கை வந்து விழுந்தது. திரை இருண்டது.

பிள்ளைகள் விசிலடித்தார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கை மறைத்தால் விசிலடிக்க வேண்டும் என்பதுதான். உள்ளே முத்தம் நடக்கிறது என்று நினைத்து ஊளையிட்டார்கள். அந்த ஊளைக்கு அடியில் வாள் உருவுகிற சத்தம். காலடிகள். ஓர் ஆள் அலறினான். கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளை "அப்பா, அப்பா" என்று கத்தியது. வெட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. விசில் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் அந்த மண்டபத்தில் வேறு சத்தமே இல்லை. அறிவியல் கூடத்தில் பார்த்தபோது அதெல்லாம் அட்டை வாளும் அரைத்த சாயமுமாகத்தான் இருந்தது. இருட்டில் கேட்டபோது எனக்கே நிஜம் போல இருந்தது. அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். நான் இருக்கட்டும் என்று சொன்ன அந்த நல்ல தமிழை, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். ஆப்பரேட்டர் அண்ணனைக் கையை எடுக்கச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

வெளிச்சம் வந்தது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் அகலத் திறந்திருந்தது. கடலையெல்லாம் மடியிலும் தரையிலும் கொட்டிக் கிடந்தது.

எழுந்தாள். பக்கத்து ஜன்னலுக்கு நடந்துபோய்க் கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். அடுத்த ஜன்னலுக்குப் போய் அதையும் இழுத்தாள். மூன்றாவதற்கும் போனாள். வெயில் உள்ளே பாய்ந்தது. திரையில் படம் வெளுத்துக் காணாமல் போனது.

"ஓய்! என்னா இது!" "கச்சாவ் பண்ணாத லா, படத்த கெடுக்காத!" என்று நாலா பக்கமும் சத்தம். மூத்த ஆசிரியர் பின்னாலிருந்து வேகமாக வந்தார். "யாரும்மா அது? என்னா பண்ற நீ?" கிராணியும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். அன்று கேட்ட "யாருக்கு?" இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

"நான்தான் சார் தொறக்கச் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். "உள்ள புழுக்கம். ஒரு பிள்ளைக்கு மயக்கம் வருது."

"இப்படி நல்ல கட்டத்துலயா டீச்சர்?" என்று நொந்துகொண்டார் அவர்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் துணியைத் திரும்பக் கட்டினார்கள். படம் ஓட ஆரம்பித்தது.

சிற்றுண்டிச் சாலைக்குப் பக்கத்துக் குழாயில் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"மன்னிச்சிரு. நீ பாக்கக் கூடாதுன்னுதான் அந்த எடத்த மறைக்கச் சொன்னேன்" என்றேன்.

குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களா டீச்சர் மறைக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு புரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

"அன்னிக்கி நா ஒண்ணும் பாக்கல டீச்சர். அம்மா என்ன குளிக்கிற ரூம்புல தள்ளி கதவ சாத்திட்டாங்க. லைட் இல்ல. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்." பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "காட்டியிருந்தா பாத்திருப்பேன். சாயம்னு தெரிஞ்சிருக்கும்."

நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

"அதான் கட்டுரைல எழுதியிருந்தேனே டீச்சர்" என்றாள்.

பிறகு, "உள்ள போலாமா? இல்லாட்டி கேப்பாளுங்க" என்று சொல்லிவிட்டு அவளே மண்டபத்துக்குத் திரும்பிப் போனாள். மீதிப் படத்தையும் பார்த்தாள். வயிற்று வலி என்று தோழிகளிடம் சொன்னாளாம். அந்த ரகசியம் அவளாலேயே தப்பித்தது, என்னால் இல்லை.

படம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு மூத்த ஆசிரியர் சந்தோஷமாக இருந்தார். அடுத்த வருடமும் சரித்திரப் படம்தான் என்றார். ஆப்பரேட்டர் அண்ணன் சுருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "இத்தன வருசத்துல வெட்டுக்கு நா கைய வெச்சதே இல்ல டீச்சர். முத்தத்துக்குத்தான் வெப்பேன். அதுக்குச் சத்தம் இல்லல்ல" என்றார். குத்திக்காட்டவில்லை, தொழிலைப் பற்றிச் சொன்னார். நான் நாற்காலிகளை அடுக்கினேன். மூன்றாவது வரிசையில் சிதறிக் கிடந்த கடலையை நானே கூட்டி அள்ளினேன்.

அன்று சாயங்காலம் என் அறையில் பாடத்திட்டப் புத்தகத்தைத் திறந்து, நான்காக மடித்திருந்த அந்தப் பக்கத்தை இரண்டு மாதத்துக்குப் பிறகு பிரித்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் பத்தியிலேயே, அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: 'அம்மா என்னைக் குளிக்கும் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். இருட்டாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.'

அந்த வரிக்கு நேரே ஓரத்தில் நான் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: 'இந்த இடத்தை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.'